நாலைப் பிடுங்கிய எவ்ளோ சார்

பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வேலை போய்விட்டது. எனக்கு அது புதிதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், அதன்பிறகு விட்டவற்றுக்கெல்லாம் கணக்கு வைத்ததில்லை. ஆனால் வேலை நன்றாக முடிந்ததால் வேலை போனது அன்றுதான் முதல் தடவை.

சட்டைப் பையில் கீபோர்டிலிருந்து பிடுங்கிய ஒரு பொத்தான் கிடந்தது. அதன்மேல் 4 என்று இருந்தது. அதைப் பிடுங்கியவர் எவ்ளோ சார். அளவு கேட்காமல் எந்தப் பொருளையும் தொடாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் பெரிய காஞ்சிபுரத்தில் குடியிருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு டீக்கடையில். முசரவாக்கம் கோழிப் பண்ணை வேலையிலிருந்து அன்று காலைதான் வெளியே வந்திருந்தேன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கையில் ஒரு டீ இருந்தது. பக்கத்தில் ஒருவர் கண்ணாடி கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இந்த கிளாசு எவ்ளோ பிடிக்கும்?"

"டீ எவ்ளோ ஊத்துறனோ அவ்ளோ பிடிக்கும் சார். தெனமும் இதே கேள்வியா? ஆறிப்போவுது, குடிபா!"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நூறு மில்லின்னு விப்பாங்க சார். அடி தடியா இருக்குது பாருங்க, எண்பதுதான் பிடிக்கும்" என்றேன்.

திரும்பினார். "உனக்கு எப்டிபா தெரியும்?"

"நெறைய கழுவியிருக்கேன் சார்."

அந்த இடத்திலேயே என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். என்ன வேலை என்று நானும் கேட்கவில்லை, சாப்பாடு உண்டா என்று மட்டும் கேட்டேன்.

போகிற வழியில் பூ வாங்க நின்றார். பூக்காரம்மா முழம் இருபது என்றாள். "யாரு முழம்மா? உங்க முழமா, எதிர்க்கடைக்காரம்மா முழமா?" என்று பையிலிருந்து டேப்பை எடுத்து அவள் கையை அளக்கப் போனார்.

"இந்தாய்யா எவ்ளோ சாரு! என்னைக் கட்டினவனே என் கைய அளந்ததில்ல. நீ இன்னாத்துக்கு அளக்குற?" என்று அவள் தண்ணீர் தெளிக்கிற சொம்பை ஓங்கினாள். நாங்கள் பூ இல்லாமல் போய்ச் சேர்ந்தோம்.

அவர் வாடகைக்கு இருந்த அறையில் முன்பு தறி போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் தறியை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார். தரையில் கால் வைக்கிற தறிக்குழி மட்டும் அப்படியே இருந்தது. எவ்ளோ சார் அந்தக் குழிக்குள் ஒரு பெரிய கம்ப்யூட்டரை இறக்கி வைத்திருந்தார், அங்கேதான் குளுமையாம். மேஜைமேல் இரண்டு சின்ன கம்ப்யூட்டர்கள். என் வேலை குழிக்குள் உட்கார்ந்திருப்பது. பெரிய மெஷின் உறைந்து நின்றால் பட்டனை அழுத்தி அதை எழுப்ப வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை நின்றது. மாடியில் தறி தடதடக்க, நான் குழிக்குள் கால் நீட்டி உட்கார்ந்து சம்பாதித்தேன். அதைவிட மோசமான வேலைகள் பார்த்திருக்கிறேன்.

"ஏன் சார் இது மட்டும் நிக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டிஸ்க்ல ஃபைலை எல்லாம் கட்டம் கட்டமாப் பிரிச்சு வெக்கிற ஒரு புரோகிராம் இருக்குது. ஃபைல் சிஸ்டம்னு பேரு. அது ஒழுங்கா வெக்குதான்னு பாக்கத்தான் இந்த டெஸ்டெல்லாம். மேஜைமேல இருக்கிற மெஷினுக்கு மெமரில ஒரு பக்கம், நோட்டுப் பக்கம் மாதிரி, நாலு கேபி. உன் மெஷினுக்கு ஒரு பக்கம் அறுபத்துநாலு. பக்கம் பெருசா இருந்தா கட்டத்தையும் அவ்ளோ பெருசா வெக்கலாம். வெச்சுப் பாத்துடணும்ல?"

"பாத்தா?"

"டெஸ்டை எழுதினவன் எல்லாக் கட்டமும் நாலு கேபின்னு நெனச்சுக்கினு எழுதிட்டான். முதல் கட்டத்துல எழுது, ரெண்டாவதைக் காலியா விடு, மூணாவதுல எழுது, இப்போ ரெண்டாவது காலியா இருக்குதான்னு பாரு. இதான் டெஸ்ட். உன் மெஷின்ல அந்த மூணும் ஒரே கட்டத்துக்குள்ள வுழுந்துடுது. காலிக் கட்டம் எங்கிருந்து வரும்? அது வர்ற வரைக்கும் நிக்குது. ஃபைல் சிஸ்டம் மேல தப்பே இல்லபா. கேள்விதான் தப்பு."

எனக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சநாள் ஒரு மெஸ்ஸில் குடலை இட்லி அவித்திருக்கிறேன். தட்டு இட்லியை விரல் நுனியால் தொட்டாலே வெந்ததா என்று தெரியும். முழ நீள மூங்கில் குடலையில் அவித்ததை மேலே தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நீளக் குச்சியை உள்ளே இறக்க வேண்டும். சொன்னேன். அவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். அளந்து பார்க்காமல் அவர் தொட்டது அநேகமாக அந்த ஒன்றுதான்.

அன்று மாலை, அவருக்கு இந்த வேலையைக் கொடுத்த சென்னை கம்பெனியின் மேனேஜர் போன் செய்தார். எவ்ளோ சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், திங்கக்கிழமைக்குள்ள முப்பத்தேழு டெஸ்டும் பாஸாகிப் பச்சையாகணும். இல்லன்னா அந்தப் பெரிய மெஷினைத் திருப்பி எடுத்துக்குறோம், அந்த வேலையே வேணாம். எதுக்கு சார் கஷ்டப்படுறீங்க? பெரிய மெஷின்ல மட்டும் அதெல்லாம் ஸ்கிப் போட்டு விட்டுடுங்களேன்."

"பரீட்சைக்கே வராதவனைப் பாஸ் போடச் சொல்றியாபா?"

"யாரு சார் பாக்கப் போறாங்க?"

"நாளைக்கு இதுல ஒரு ஆஸ்பத்திரிக்காரன் ரிப்போர்ட்டெல்லாம் வெப்பான். காணாம போச்சுன்னா அவன் பாப்பான்."

போனை வைத்தார். முப்பத்தேழு டெஸ்டின் எண்களையும் சுண்ணாம்புச் சுவரில் கரியால் எழுதினார். ஒவ்வொரு டெஸ்டையும் முதலில் ஃபைல் சிஸ்டத்திடம் 'உன் கட்டம் எவ்ளோ?' என்று கேட்கவைத்து, அதற்கேற்ற மாதிரி எழுதும்படி மாற்ற ஆரம்பித்தார். ஆனால் கை கேட்கவில்லை. பேசிக்கொண்டே அடித்தால் நாலு கேபிக்கான 4096 என்றே விழுந்தது.

"இருபது வருஷப் பழக்கம்பா. வெரலுக்குப் புத்தி சொல்ல முடியல" என்றவர், ஸ்பூன் காம்பை விட்டு நெம்பி நாலைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். "நான் கெஞ்சினாலும் குடுக்காத."

நியாயமாக நாலு தேவைப்படுகிற இடங்களில் ஊதுவத்திக் குச்சியால் அந்த ஓட்டைக்குள் குத்தி அடித்தார். வெள்ளிக்கிழமை கெஞ்சினார். "அஞ்சு நிமிஷம் குடுபா, குச்சியெல்லாம் உடைஞ்சிக்கினே இருக்குது." நான் குழியைவிட்டு ஏறவில்லை. "நீங்கதான் குடுக்காதன்னீங்க சார்." போய் இன்னொரு பாக்கெட் ஊதுவத்தி வாங்கி வந்தார். அறையே கோயில் மாதிரி மணத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவரில் முப்பத்தோரு எண்கள் அடிக்கப்பட்டிருந்தன. மெஷின் ஒருதடவைகூட நிற்கவில்லை. நான் குழிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தேன். மீதி ஆறும் சிவப்பாகவே இருந்தன. எழுதிக்கொண்டே வந்து, பாதியில் இடமில்லை என்று விழுந்தன. எவ்ளோ சார் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"கேள்விய எல்லாம் சரி பண்ணிட்டேன். அப்போ ஃபைல் சிஸ்டம்தான் தப்பு. இடத்தை எங்கியோ முழுங்குது. அவன் நாளைக்கு மெஷினைத் தூக்கிக்கினு போகட்டும். நான் தப்புன்னு எழுதித் தந்துடுறேன்."

மடலை எழுத ஆரம்பித்துவிட்டார். எனக்குக் குடலை ஞாபகமாகவே இருந்தது.

"சார், முன்ன எவ்ளோ எழுதும் அந்த டெஸ்ட்டு?"

"முப்பது எம்பி."

"இப்போ?"

"கட்டம் பதினாறு மடங்கு ஆச்சு. நானூத்தி எண்பது."

"மாவு பதினாறு பங்கு ஊத்துறீங்க. குடலை எவ்ளோ சார்?"

அவர் கை நின்றது. டெஸ்ட் ஓட டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்தைத் திறந்து பார்த்தார். நானூறு எம்பி. மூன்று மெஷினுக்கும் ஒரே நானூறு.

"இந்த நாலை யாருபா போட்டது?"

"நான் வர்றதுக்கு முன்னாடி இங்க நீங்க மட்டும்தான் சார் இருந்தீங்க."

மாடியில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எவ்ளோ சார் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "ஊர்ல இருக்கிற கிளாசை எல்லாம் கேட்டேன், பூக்காரம்மாகிட்ட அடி வாங்கப் பாத்தேன். என் டிஸ்க்க கேக்கலயேபா!"

அந்த எண்ணை எடுத்துவிட்டு, கட்டத்துக்குத் தக்கபடி இடம் ஒதுக்கச் சொல்லி எழுதினார். பொழுது சாய்வதற்குள் ஆறும் பச்சையாகின. மூன்று மெஷினிலும் முப்பத்தேழும் பச்சை.

திங்கள் காலை மேனேஜர் கேட்டார். "ஸ்கிப் எத்தனை சார்?"

"சைபர்."

"நல்லது சார். மெஷின் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆமா, பட்டன் அமுக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கேட்டிருந்தீங்களே, அவரு இன்னும் வேணுமா?"

எவ்ளோ சாருக்குப் பொய் வராது. "இப்போ அது நிக்கிறதே இல்லபா. வேணாம்" என்றார். சொன்ன பிறகுதான் குழிக்குள் இருந்த என்னைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"நீ இருபா. எதாச்சும் வேலை இருக்கும்."

"எவ்ளோ சார் இருக்கும்?"

அவர் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். நான் குழியைவிட்டு ஏறிப் பையை எடுத்துக்கொண்டேன். தெருமுனை வரை வந்தார். நான் எவ்வளவு தூரம் போகிறேன் என்று கேட்டார். தெரியாது என்றேன். அளவு தெரியாத பதிலை அவர் ஒத்துக்கொண்டது அன்றுதான்.

பஸ் ஸ்டாண்டில் சில்லறை துழாவும்போது விரலில் தட்டியது அந்த நாலு. திரும்பிப் போகலாமா என்று நின்றேன். அதற்குள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் கிளம்பியது, ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை அங்கே ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். மாஸ்டர் அண்டாவைக் காட்டி, நூறு பேருக்கு அரிசி போடு என்றார். "இந்த அண்டா எவ்ளோ பிடிக்கும் மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துவிட்டுத்தான் அரிசியைப் போட்டேன். சட்டைப் பையில் நாலு பத்திரமாக இருந்தது. இனி எவ்ளோ சார் கெஞ்சக்கூட வேண்டாம், கேட்டாலே கொடுத்துவிடுவேன்.