பல் டாக்டர் போர்டில் போன புள்ளி

காரிமங்கலம் பக்கம் ஓடுகிற ஆட்டோ, டெம்போ, பால் வண்டி எதிலும் ஒரு மெய்யெழுத்துகூடப் புள்ளி இல்லாமல் போனதில்லை என்றால், அதற்குப் புள்ளியண்ணன் ஒருவர்தான் காரணம்.

எங்கள் ஸ்டிக்கர் கடையில் நான் கம்ப்யூட்டரில் எழுத்துகளை அடுக்குவேன். மெஷின் வெட்டித் தள்ளியதும், வேண்டாத ஸ்டிக்கரை அவர் ஊசியால் உரிப்பார். அப்போது புள்ளிகள்தான் முதலில் கையோடு வரும். ஒன்று காணோம் என்றால் ஃபேனை நிறுத்திவிட்டுத் தரையில் தவழ ஆரம்பிப்பார். ஒருமுறை வாடிக்கையாளர் சட்டையில் ஒட்டிக்கொண்டு போன புள்ளிக்காகக் கிருஷ்ணகிரி பஸ்ஸையே மறித்தார்.

அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. அதனால் வெட்டுவதற்கு முன் என்னை வாய்விட்டு வாசிக்கச் சொல்வார். எனக்கு அது பெரிய இம்சை.

ஒருநாள் ஒரு பல் டாக்டரின் போர்டு வந்தது. எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தாய்மாமா அவர். எழுத்துகள் உரசாமல் இருக்கச் சரிசெய்தபோது நான் ஒரு புள்ளியை அழித்துவிட்டேன். புள்ளியண்ணன் வாசிக்கச் சொன்ன நேரம், அந்தப் பெண்ணிடமிருந்து போன். படித்தாயிற்று, வெட்டுங்கள் என்று பொய் சொன்னேன்.

‘பல மருத்துவமனை’ என்று போர்டு ஏறியது. மூட்டுவலிக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் சினை மாட்டோடு வந்து நின்றார். மூன்றாம் நாள் டாக்டரே கடைக்கு வந்து, யார் பார்த்த வேலை என்று கேட்டார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“உரிக்கையில என் கையோட வந்துருச்சுங்க. தப்பு என்னுதுங்க” என்றார் புள்ளியண்ணன்.

உச்சி வெயிலில் ஏணியேறி அந்த ஒற்றைப் புள்ளியை ஒட்டியதும் அவர்தான். ஏணியைப் பிடித்தபடி, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கந்தானுங்க தம்பி. உங்களுக்குப் பொண்ணு அமையோணுமில்ல.”

பெண் அமைந்தாள். அதற்கப்புறம் வீட்டு விசேஷம் எது வந்தாலும், புள்ளியைத் தொலைத்த ஆள் இவர்தான் என்று டாக்டர் அவரைக் காட்டிச் சிரிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எட்டு வருடம் நானும் சிரித்தேன். அவர் மட்டும் தலை குனிந்து சாப்பிடுவார்.

போன மாதம் என் மகளுக்குக் காது குத்தினோம். பந்தியில் டாக்டர் மறுபடி ஆரம்பித்தார்.

“மாமா, அந்தப் புள்ளிய வுட்டது நானுங்க” என்றேன்.

சிரிப்பு நின்றது. என் மனைவி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புள்ளியண்ணன், தன் இலையில் தொடாமல் வைத்திருந்த லட்டை எடுத்து என் இலையில் வைத்தார்.