அண்டை வீட்டாருடன் தகராறு உண்டா?

'அண்டை வீட்டாருடன் தகராறு ஏதும் உண்டா?' என்று கேட்டிருந்தது வீடு விற்பதற்கான படிவம். டெரிக் அக்ராய்ட் 'இல்லை' என்று எழுதப் போகையில் மனைவி மோரீன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நார்மனோட ஒன்பது வருஷமா பேச்சே கிடையாது. இதுக்குப் பேர் என்னவாம்?"

"பேசினாத்தானே தகராறு வரும்? நாங்கதான் பேசறதே இல்லையே."

இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, விட்பி கடற்கரையில் ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு போவது என்று டெரிக் முடிவெடுத்ததே பக்கத்து வீட்டு நார்மன் சக்டனால்தான். ஒன்பது வருடங்களுக்கு முன் அடித்த புயலில், இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே இருந்த வேலியில் ஒரு பலகை பறந்துவிட்டது. 'உன் வேலி, நீ மாட்டு' என்றார் டெரிக். 'உன் வேலி, நீயே மாட்டு' என்றார் நார்மன். அன்றிலிருந்து, டெரிக் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் அந்தச் சந்தில் நார்மனின் முகம் தெரிந்துகொண்டிருந்தது. வீட்டை விற்பது தெரிந்தால் அந்த முகம் சந்தோஷப்பட்டுவிடும் என்று, வாசலில் 'விற்பனைக்கு' அட்டைகூட வைக்கவில்லை.

டெரிக் வக்கீலுக்கு ஃபோன் செய்தார். கிரய வேலை முழுவதற்கும் ஒரே கட்டணம், எத்தனை முறை பேசினாலும் கூடுதலாக எதுவும் கிடையாது என்று திருமதி ஹெப்வொர்த் முதல் நாளே சொல்லியிருந்தார். அதை அவர் சொல்லியிருக்கவே கூடாது. டெரிக் தினமும் மூன்று முறை பேசிக்கொண்டிருந்தார்.

"வேலி யாருதுன்னு பத்திரத்துல போட்டிருக்கா மேடம்?"

"தேடிப் பார்த்துட்டேன், மிஸ்டர் அக்ராய்ட். ஒண்ணும் இல்லை."

"அப்ப தகராறு இல்லைன்னு எழுதிடட்டுமா?"

"பொய் எழுதினா, வாங்கினவர் பின்னாடி உங்க மேல கேஸ் போடலாம்."

"உண்மையை எழுதினா?"

"வாங்கறவர் யோசிப்பார். பேசித் தீர்த்துக்கிட்டா, 'இருந்தது, தீர்ந்தது'ன்னு நிம்மதியா எழுதலாம்."

ஆக, விற்பதற்காக நார்மனோடு சமாதானமாகியே தீர வேண்டும். டெரிக் ஒரு கேக்கை வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

நார்மன் கதவைத் திறந்தார். கேக்கைப் பார்த்தார். டெரிக்கைப் பார்த்தார். மறுபடியும் கேக்கைப் பார்த்தார்.

"என்னய்யா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லை. பழசையெல்லாம் மறந்துடலாம்னு வந்தேன்." டெரிக்குக்கு வீடு விற்பதைச் சொல்லவும் முடியவில்லை, பொய்யும் வரவில்லை. "நான் இன்னும் கொஞ்ச நாள்தான் இங்க இருப்பேன், நார்மன்."

நார்மனின் முகம் வெளுத்துவிட்டது. "எவ்வளவு நாள்?"

"ஆறு வாரம்னு ஹெப்வொர்த் அம்மா சொல்றாங்க. அந்த வேலையில ரொம்ப கெட்டிக்காரங்க. அவங்க சொன்னா தப்பாது."

"வேற யார்கிட்டயாவது காட்டினியா?"

"எதுக்கு? எல்லாப் பேப்பரையும் அவங்களே பார்த்துட்டாங்க. நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

நார்மன் கேக்கை வாங்கிக்கொண்டு, டெரிக்கின் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலை டெரிக் வீட்டு வாசலில் மூன்று பாத்திரம் சூப் வந்து உட்கார்ந்திருந்தது. பத்து மணிக்கு நார்மன் புல்வெட்டும் எந்திரத்தோடு வந்து, கேட்காமலேயே டெரிக்கின் புல்லை வெட்டினார். பன்னிரண்டு மணிக்குப் பாதிரியார் வந்தார்.

"பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார் பாதிரியார் மெதுவாக.

"சொல்லிட்டோம் ஃபாதர். அவங்களுக்கு ஒரே சந்தோஷம்," என்றாள் மோரீன். "எங்க போனாலும் கடல் பக்கமா இருந்தா போதும்னாங்க."

பாதிரியார் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டை வாங்க இருந்தவர் லீட்ஸ்காரர். வாடகைக்கு விடுவதற்காகவே வீடுகளை வாங்கிக் குவிப்பவர். ஜன்னலுக்கு அளவெடுக்க அன்று பார்த்துத்தான் வந்தார். வாசலில் சூப்பும் பாதிரியாரும் எதிர்ப்பட, ஜன்னலை அளக்காமலேயே திரும்பினார். மாலையில் ஹெப்வொர்த் அம்மாவே ஃபோன் செய்தார். அவர் தானாகப் பேசியது அதுதான் முதல் முறை.

"மிஸ்டர் அக்ராய்ட், எதிர்த்தரப்பு வக்கீல் புதுசா ஒரு கேள்வி அனுப்பியிருக்கார். கிரயம் முடியறதுக்குள்ள விற்கிறவர் இறந்துட்டா யார் கையெழுத்துப் போடுவாங்கன்னு கேட்கிறார். உங்க உடம்பு எப்படி இருக்கு?"

"காலையில வரைக்கும் நல்லாத்தான் இருந்தது மேடம்."

விஷயம் புரிந்ததும் டெரிக் தோட்டத்துப் பக்கம் ஓடினார். தூறலில் நார்மன் தனியாக ஒரு புதுப் பலகையைச் சந்தில் நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"நீ தூக்காதே. போய்ப் படு," என்றார் நார்மன்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்லைய்யா. நான் வீட்டை விற்கிறேன். ஹெப்வொர்த் அம்மா வக்கீல், டாக்டர் இல்லை."

சொன்னதோடு நிற்காமல், கீழே கிடந்த கான்கிரீட் தூணைத் தூக்கித் தோளில் வைத்துத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினார். நார்மன் பலகையை விட்டுவிட்டார். அது அவர் காலிலேயே விழுந்தது. வலியிலும் அவர் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது.

"எதுக்கு விற்கிறே?"

"உன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமத்தான்."

நார்மன் "ஓ" என்றார். சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் ஷூவையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "அந்தப் பக்கத்தைப் பிடி," என்றார். இருவருமாகப் பலகையை மாட்டினார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் டெரிக்குக்குப் பிடிபடவில்லை. திங்கள்கிழமை நார்மன் அவரை பீர் குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். புதன்கிழமை இருவரும் ரக்பி ஆட்டத்தில் நடுவரைச் சேர்ந்து திட்டினார்கள். ஒன்பது வருடத்துப் பேச்சு பாக்கியிருந்தது. வேலியின் இரண்டு பக்கமும் நின்று, பலகைக்கு மேலே எட்டிப் பார்த்துப் பேசித் தீர்த்தார்கள். டாக்டர் சான்றிதழ் எதிர்த்தரப்புக்குப் போயிற்று. 'இருந்தது, தீர்ந்தது' என்று படிவமும் போயிற்று. வெள்ளிக்கிழமை இரு தரப்பு வக்கீல்களுக்கும் இடையே ஒப்பந்தம் கைமாறிவிட்டால், பிறகு யாரும் பின்வாங்க முடியாது.

வியாழக்கிழமை டெரிக் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போட்டிருக்கவே இல்லை.

"வாயைத் திறந்து சொல்லேன்," என்றாள் மோரீன்.

"விட்பில பக்கத்து வீட்டுக்காரன் எப்படிப்பட்டவனோ."

"எனக்கு அந்தக் கடல் காத்தே ஆகாது. நீ ஆசைப்பட்டியேன்னு பேசாம இருந்தேன். ஃபோனைப் போடு."

டெரிக் போட்டார். "மேடம், ஒப்பந்தம் கைமாறறதுக்கு முன்னாடி விலகிக்கலாமா?"

"யார் வேணும்னாலும் விலகலாம், மிஸ்டர் அக்ராய்ட். விட்பி வீட்டுக்கும் வேற ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க." ஹெப்வொர்த் அம்மா ஃபைலை மூடும் சத்தம் கேட்டது. "அப்ப இனிமே நீங்க எனக்கு ஃபோன் பண்ண மாட்டீங்கதானே?" அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை டெரிக் அதுவரை கேட்டதில்லை.

செய்தியைச் சொல்லக் கால் தரையில் பாவாமல் பக்கத்து வீட்டுக்குப் போனார். நார்மனின் மனைவி ஜீன் கதவைத் திறந்தாள்.

"ஜீன், நாங்க விற்கலை. இங்கேயே இருக்கப் போறோம். எங்க நார்மன்?"

ஜீன் அவரைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு, டெரிக். உங்க மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காம அவரும் வேற ஊர்ல வீடு பார்த்து வெச்சிருந்தார். எங்க வீட்டு விற்பனையை நிறுத்தச் சொல்லத்தான் அவரும் இப்ப வக்கீல் ஆபீஸுக்குப் போயிருக்கார்."