கவிழ்த்த ஷூவுக்கும் இதயம் துடித்தது

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பூரிலிருந்து குடியாத்தம் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. நடுவழியில், புளியந்தோப்பில், பஸ்ஸே காலியாகிவிடும். அங்கே கனிச்சாமி இருந்தார். அவருக்கு ஸ்டெதாஸ்கோப் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம், படிப்பு அறவே வேண்டாம். ஓர் எலுமிச்சம்பழம் போதும். வந்தவரைப் படுக்கவைத்து நெஞ்சின் இடப்பக்கம் வைப்பார். பழம் உருளும், நிற்கும், துள்ளும்.

"பாத்தியா, இதயம் பேசுது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அவர் காலடியில் ஓர் உண்டியல். அதில் காசு போடக் கூடாது; அவ்வளவு நல்லவர். டாக்டர் கொடுத்த மாத்திரையைத்தான் போட வேண்டும். மாத்திரையை விட்டால்தான் பழம் வேலை செய்யுமாம். காசுக்குத் தனியாகத் தட்டு இருந்தது.

எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலம் அது. சாமி எத்தனை மணிக்கு உட்காருவார் என்று விசாரிக்க மிகவும் உதவியது.

சௌந்தரம் ஷூ கம்பெனியில் செக்கர். இருபது வருஷமாக இடதையும் வலதையும் ஜோடி பார்த்துப் பார்த்துப் பிழைத்தவள். அவள் வீட்டுக்காரர் நவநீதனுக்கோ பிறவியிலேயே இதயம் வலப்பக்கம். நாற்பத்தாறு வயதுவரை அது அங்கேயே ஒழுங்காக வேலை பார்த்தது. பிறகு தாளம் தப்பியது.

வேலூரில் டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதயத்தின் மேலறை துடிப்பதற்குப் பதில் நடுங்குகிறது. தொடையில் ரத்தக் குழாய் வழியாக மெல்லிய வயரை விட்டு, தப்புத் தாளம் கிளம்புகிற இடத்தைச் சுட்டுவிடலாம். ஆனால் உள்ளே எல்லாமே கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறியிருக்கிறது. படம் எடுத்து வழி பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

"ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்த மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீங்க. உள்ளே ரத்தம் கட்டினா மூளைக்குப் போயிடும்."

நவநீதன் காதில் 'சுடுவது' மட்டும் தங்கியது.

பக்கத்து வீட்டு வள்ளியம்மாள் விஷயத்தைக் கேட்டு வாயில் கை வைத்தாள். "வலப்பக்கம் இதயமா? யாரோ செய்வினை வெச்சித் தள்ளிட்டாங்க நவநீதா. சாமி இழுத்து வெச்சிடுவாரு."

சௌந்தரம் ஞாயிறு ஷிப்டுக்குப் போன நேரத்தில் அவர் சாமியிடம் போனார். ஒரு நாள் மேஜை இழுப்பறையைத் திறந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"இன்னாங்க, மாத்திரை எங்க?"

"உண்டியல்ல."

"எத்தினி நாளா?"

"நாப்பது நாளாச்சி. இதயம் இடப்பக்கம் வந்துடுச்சி சௌந்தரம். பழம் குதிச்சிது, என் கண்ணால பாத்தேன்."

அவள் அவருடைய வலப்பக்க நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். "அப்போ இங்க அடிச்சிக்கிறது இன்னா?"

"அது பழைய துடிப்பாம். போகப் போக நின்னுடும்னு சாமி சொன்னாரு."

அவள் எவ்வளவு கெஞ்சியும் மாத்திரை உள்ளே போகவில்லை. வந்த ஞாயிறு லீவு போட்டுவிட்டு அவளும் கூடப் போனாள். கூடையில் ஒரு ரிஜெக்ட் ஷூ, கடையில் வாங்கிய ஒரு பழம், நூல் அறுக்கிற கத்தி.

நவநீதன் படுத்தார். பழம் துள்ளியது. "இதயம் இடத்துக்கு வந்துடுச்சி!" என்றார் சாமி. அவர் கை நீட்டுவதற்குள் சௌந்தரம் பழத்தை எடுத்து, ஷூவைக் கவிழ்த்து, மேலே தெரிந்த அடிப்பாகத்தின்மேல் வைத்தாள். உருண்டது. நின்றது. துள்ளியது.

"இது வலது கால் ஷூ சாமி. ஆட்டுத்தோலு. இதுக்கும் இதயம் துடிக்குதே, யாரு செய்வினை வெச்சாங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சாமியைச் சோதிக்கிறியா, பாவி!" என்று கனிச்சாமி உறுமினார்.

கடைப் பழத்தை எடுத்துப் புருஷன் நெஞ்சில் இடப்பக்கம் வைத்தாள். அது எலுமிச்சம்பழம் மாதிரி சும்மா கிடந்தது. பிறகு சாமியின் பழத்தைக் கத்தியால் இரண்டாக்கினாள். வெள்ளி முத்துகளாக ஏதோ உருண்டு மண்ணில் சிதறியது.

"பாதரசம்டா!" என்று ஒருவன் கத்தினான்.

கூட்டம் நெருங்கியது. சாமிக்கு வியர்த்தது. இடுப்பு மடிப்பைத் துழாவி ஒரு நெஞ்சுவலி மாத்திரையை எடுத்து நாக்கடியில் வைத்துக்கொண்டார். அந்த ஒன்று மட்டும் உண்டியலுக்குத் தப்பியிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நவநீதன் வலப்பக்க நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே வந்தார். ஆம்பூரில் இறங்கியதும், "நாளைக்கே வேலூர் போலாம்" என்றார். போனார்கள். மாத்திரை மறுபடி தொடங்கியது; நாற்பது நாளில் கட்டிய ரத்தம் உள்ளேயே இருந்தது. ஆறாம் நாள் காலை காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் கோணியது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாமி சொன்னதில் அது ஒன்றுதான் பலித்தது; வலப்பக்கத் துடிப்பு நின்றுவிட்டது.

சாவு வீட்டில் வள்ளியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "சாமி பழத்தை அறுத்தியேடி! பாத்தியா, ஒம்போதே நாளு, அவரு சாபம் சும்மா வுடல!"

சௌந்தரம் அழுகையை நிறுத்தினாள். "பழத்தை அறுத்து ஒம்போது நாளாச்சி, அதைக் கரெக்டா எண்ணிட்டீங்க. நாப்பது நாள் அவரு மாத்திரை உண்டியல்ல கெடந்துதே, அதை எண்ண மாட்டீங்களா அக்கா?"

யாரும் எண்ணவில்லை.

கனிச்சாமி இப்போது கலவை ஊர்ப் பக்கம் தேங்காய் வைத்துப் பார்க்கிறாராம். கூட்டத்துக்குக் குறைவில்லை. போகிறவர்கள் போகட்டும், பையில் ஒரு கத்தி இருக்கட்டும். முதல் நாளே உடைத்துப் பார்க்கட்டும், நாற்பதாம் நாள் அல்ல.