வாய்ப்பூட்டின் வாயில் மூன்று நட்டு

இரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அப்படிப்பட்ட நான், பிரெஞ்சுக்காரன் காலத்தில் வில்லியனூரில் கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டேன். யாரோ கழித்துக் கட்டிய லாரி எஞ்சினுக்கு மேலே மரத்தில் கூண்டு கட்டினேன். அதைப் பஸ் என்று ஊரை நம்ப வைத்துப் பாகூர் வரைக்கும் ஓட்டினேன். மாட்டு வண்டிக்காரர்கள் வழியில் முள்ளை வெட்டிப் போட்டார்கள், ஓட்டினேன். வெள்ளம் வந்து பாதையே போனது. பாதையை நானே போட்டு ஓட்டினேன். மறுப்பவர்கள் நேரில் வரலாம். ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தப் பஸ்ஸைக் கட்டியது நான். ஓட வைத்தது ஒரு மனிதரின் வாய். பிரெஞ்சு இந்தியா முழுவதிலும் வாயால் மோட்டார் ரிப்பேர் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் என் ஷெட்டு மேஸ்திரி. பெயர் என்னவோ, ஊருக்கு அவர் 'வாய்ப்பூட்டு'. கழற்றிய நட்டைக் கீழே வைக்கவே மாட்டார். மண்ணில் வைத்தால் தொலையும், தட்டில் வைத்தால் கோழி கொத்தும் என்பார். கழற்றக் கழற்ற வாய்க்குள் போட்டு அதக்கிக்கொள்வார். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொன்றாக எடுப்பார். வாய் காலியாகிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதுவரை ஒரு சொல் வராது. கவர்னரே வந்து கேட்டாலும் புருவம்தான் பேசும்.

ஒருநாள் வேலை நடுவே தும்மல் வந்து, அதை அடக்கப் போய், ஒரு நட்டை விழுங்கிவிட்டார். பஸ் நின்றுபோனது. கத்தரிக்காய்க் கூடையோடு வந்த ஒரு அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மொதலாளி, பஸ்ஸு எப்பப் பொறப்படும்?"

"நட்டு மேஸ்திரி வயித்துல இருக்குதும்மா."

"வேற ஒண்ணு வாங்கிப் போடறதுக்கு இன்னா?"

"அந்தச் சைசு புதுச்சேரியிலயே கெடைக்கல."

இரண்டு நாள் காலையும் ஊரே அவரை நிறுத்தி, "வந்துச்சா மேஸ்திரி?" என்று விசாரித்தது. மூன்றாம் நாள் தோப்புப் பக்கமிருந்து ஒரு கையை உயர்த்திக்கொண்டு வந்தார். பஸ்ஸுக்குள் கைதட்டல். நன்றாகக் கழுவித்தான் போட்டோம்.

இப்படிப்பட்டவர் வாழ்நாளில் ஒரே ஒரு தப்புச் செய்தார். அதுவும் பஸ்ஸில் இல்லை, ஏரோப்ளேனில்.

அது சித்திரை மாதம். பாகூர் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. தெற்கே போய்க்கொண்டிருந்த ஒரு சின்ன விமானம், வழியில் எஞ்சின் இருமி, ஏரிக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஓட்டி வந்த துரை ஒருவர், உள்ளே நாலு பயணிகள். அதில் ஒரு அம்மாள் கைக்குழந்தைக்காரி. ஊர் மொத்தமும் கரையில் ஏறி நின்றது. எங்கள் பஸ் அப்போது பாகூரில் நின்றதால், கூப்பிட்டவுடன் வாய்ப்பூட்டை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவந்து முகர்ந்தார். "பெட்ரோல் வடிகட்டி அடச்சிக்கிச்சி மொதலாளி" என்றார். துரை தலையாட்டினார். வடிகட்டி மூடிக்கு மூன்று நட்டு. மூன்றும் வாய்க்குள் போயின. துரைக்குக் கண் பிதுங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பாகூர் மேர் வந்து சேர்ந்தார். சுற்றியுள்ள ஊர்களெல்லாம் சேர்ந்த கொம்யூனுக்கே தலைவர். மண்ணாடிப்பட்டுக்கு இரண்டாவது பஸ் விட நான் கேட்டிருந்த அனுமதிக்கு, அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எவ்ளோ நேரம் ஆவும்பா?" என்று மேர் கேட்டார்.

வாய்ப்பூட்டு புருவத்தைத் தூக்கினார்.

"இன்னாய்யா இவன், கேட்டா மொறைக்கிறான்?"

"யோவ் மேஸ்திரி! மேர் ஐயா கேக்கறாரு. துப்பிட்டுப் பேசுய்யா!"

அவர் என்னைப் பார்த்தார். வேலை முடியாமல் அந்த வாய் ஒருநாளும் திறந்ததில்லை. எனக்காகத் திறந்தது. மூன்று நட்டையும் உள்ளங்கையில் துப்பி, "கா மணி நேரம் ஆவுங்க ஐயா" என்றார்.

மேர் குளிர்ந்துபோய், வெள்ளைக்கார வழக்கப்படி குலுக்கக் கையை நீட்டிவிட்டார். வாய்ப்பூட்டுக்கு அவசரம். இரண்டு நட்டை வாயில் போட்டார், ஒன்றை மடியில் செருகினார், கையைத் துடைத்துக்கொண்டு கொடுத்தார்.

பிறகு வடிகட்டியைக் கழுவி மூடினார். இரண்டு நட்டு ஏறியது. வாய் காலி. "முடிஞ்சிதுங்க" என்றார். மூன்றாவது நட்டு பின்பக்கத்தில், தடவித்தான் போட வேண்டிய இடம். துரைக்கும் தெரியவில்லை. விசிறி சுற்றியது, எஞ்சின் பாடியது, ஊர் கூவியது.

வாய்ப்பூட்டு ஒரு சுருட்டுக்காக மடியை அவிழ்த்தார். கையில் நட்டு வந்தது.

விமானம் ஏரியின் மறுகோடிக்குப் போய்த் திரும்பி நின்றிருந்தது. இவர் வேட்டியை உருவிக் கொடி மாதிரி வீசிக்கொண்டு, கோவணத்தோடு அதன் எதிரே ஓடினார்.

"யோவ், மானத்த வாங்காதய்யா!" என்று கத்தினேன்.

"மானம் கெடக்கட்டும் மொதலாளி, கொழந்த கீது உள்ள!"

விமானம் பாய்ந்து வந்தது. அவர் விலகவில்லை, நட்ட நடுவில் படுத்துவிட்டார். பத்தடி இருக்கும்போது நின்றது. திட்டிக்கொண்டே குதித்த துரை, எஞ்சின் மூடியைத் திறந்தார். பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. வாய்ப்பூட்டு மூன்றாவது நட்டைப் பூட்டினார். துரை அவர் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு ஏறிக்கொண்டார்.

விமானம் மறைந்த பிறகுதான் மேர் வெடித்தார். "அஞ்சாறு உசுரு போயிருக்குமேடா! இன்னாடா புத்தி உனக்கு?" என்னைப் பார்த்து, "உன் ஷெட்டு ஆளுதானே?" என்றார்.

எனக்கு இரண்டாவது பஸ் கண்ணில் ஆடியது. "கவனக்கொறைவுங்க ஐயா, நான் கண்டிக்கறேன்" என்றேன்.

வாய்ப்பூட்டு தலைகுனிந்து வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் வாயில் ஒரு நட்டும் இல்லை. இருந்தும் பேசவில்லை.

மேர் சொல்லி அனுமதி கிடைத்து, எனக்கு இரண்டாவது பஸ்ஸும் வந்தது. "ஏரோப்ளேனக் கவுக்கப் பாத்தவன் பூட்டுன வண்டியா?" என்று அவர் காதுபடவே கேட்டு, ஏறாமல் நின்றவர்களும் உண்டு. அவர் புருவத்தைக்கூடத் தூக்கமாட்டார். சாகும்வரை என் ஷெட்டில்தான் இருந்தார். ஒருநாளும் என்னைச் சொல்லிக்காட்டவில்லை.

இன்றைக்கும் பாகூரில் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் 'மேஸ்திரி மறந்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது எப்படி? வேலை நடுவில் அவரைப் பேச வைத்தது நான். அந்தத் தப்பில் பெரிய பங்கு என்னுடையது. அதை என் பெயரில் எழுதுங்கள், கேட்டு வாங்குகிறேன். விமானத்துக்கு எதிரே போய்ப் படுத்ததை மட்டும் முழுசாக அவர் பெயரில் எழுதுங்கள். அதில் எனக்குப் பங்கு இல்லை.