உபதேசியார் எழுதிய நவநாள்

"அந்தோணியாருக்கு இவ்வளவுதானா?"

மிராசுதார் தங்கசாமி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. உபதேசியார் ஞானாதிக்கத்துக்குக் கூச்சமாகிவிட்டது.

"ஒம்போது நாளும் சாயங்காலம் சொல்ற ஜெபங்க. சனங்க காட்டு வேலை செஞ்சு களைச்சு வருவாங்கன்னு..."

"நம்ம ஊருக்கே பாதுகாவலரு அவரு. போறபோக்குல ஒரு கும்பிடு போட்டுட்டுப் போக, எதிர்ல வர்ற சம்பந்தியா? நல்லா நீட்டி எழுதுங்க. உங்க தமிழுக்கு என்ன கொறைச்சல்?"

அந்தக் கடைசி வார்த்தை போதும் ஞானாதிக்கத்துக்கு. வரதராசன்பேட்டைக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூரில் அவர் கோவிலுக்கு உபதேசியார், பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார். எல்லாவற்றுக்கும் மேலே, தம்மைப் புலவர் என்று நம்பி வந்தவர். அந்த நம்பிக்கையில் அதுவரை அவருக்குக் கூட்டாளி கிடைத்ததில்லை.

நீட்டினார். முதல் நாள் அந்தோணியாரின் கண்ணழகைச் சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. உலகச் சண்டை ஓய்ந்தும் அரிசிப் பஞ்சம் ஓயாத வருஷம் அது. காலையில் குடித்த கேப்பைக் கூழோடு முழங்காலில் நின்ற சனம் நெளிந்தது. மிராசுதார் மட்டும் முன்வரிசையில் அசையாமல் கைகூப்பியிருந்தார்.

"புருவத்துக்கே நாலு வரியா?" என்றாள் வீட்டில் மனைவி விண்ணரசி. "புள்ளைங்க பசியில அழுவுதுங்க. உங்களுக்குக் காதுல வுழலயா?"

பயந்துபோய் மறுநாள் பாதியை வெட்டினார். ஜெபம் முடிந்ததுதான் தாமதம், மிராசுதார் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"யாரைக் கேட்டுச் சுருக்குனீங்க?"

"முட்டி வலிக்குதுன்னு சனங்க..."

"முட்டி வலிக்காத பக்தியும் ஒரு பக்தியா? இன்னொரு தரம் இப்படி நடந்தா, பள்ளிக்கூடத்துக்கு வேற வாத்தியாரத்தான் தேடணும்."

வேலை போனால் வீடும் போகும். குடியிருந்தது பள்ளிக்கூடத்து வீட்டில். ஞானாதிக்கம் யோசித்தார். சனங்களின் குறைகளையே ஜெபத்தில் சேர்த்துவிட்டால் நீளமும் கூடும், அவர்களும் பொறுத்துக்கொள்வார்கள். தெருத்தெருவாகப் போய்க் கேட்டு எழுதினார்.

வினை அங்கேதான் பிடித்தது.

"காணாமற்போன ஆட்டைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியாரே" என்று, ஆட்டைத் தொலைத்த சின்னம்மாளுக்காக வாசித்தார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது சனம்.

"வீண்பழி சுமந்தோரைக் காக்கும் அந்தோணியாரே" என்று அடுத்தபடி சவரியாருக்காக வாசித்தார். ஆட்டைத் திருடியதாகச் சின்னம்மாள் ஊரெல்லாம் சொல்லி வந்தது அந்தச் சவரியாரைத்தான்.

"ஆட்டைத் தின்னவனுக்கு அந்தோணியாரு சாட்சியா?" என்று சின்னம்மாள் எழுந்துவிட்டாள்.

மறுநாள் இருவருக்கும் பாவமன்னிப்பு வேண்டி ஒரு ஜெபம் சேர்த்தார். "நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று இருவரும் ஒற்றுமையாகச் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள். கோபக்காரர்களுக்காக இன்னொரு ஜெபம் சேர்க்க வேண்டியதாயிற்று. நவநாள் மழைக்காலத்து வெள்ளரிக்கொடி மாதிரிப் படர்ந்துகொண்டே போனது.

கூலியாள் அரியமுத்து தயங்கித் தயங்கி வந்தார். "எங்க கூலி நெல்லுக்கும் ஒரு வரி சேருங்களேன். மூணு மாசமா மிராசுதார் வூட்டுல அளக்கலீங்க."

ஞானாதிக்கம், "பசித்தோர்க்கு அன்னம் அளிக்கும் அந்தோணியாரே" என்று பூசி மெழுகி வாசித்தார். மிராசுதார் எழுந்து சனத்தின் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"எங்கிட்ட இருந்தா குடுக்க மாட்டேனா? கொள்முதல்னு சர்க்கார்ல வழிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டான். பத்தாயத்துல எலிதான் ஓடுது. ஒபதேசியாரே, அந்த வரிய மூணு தரம் சொல்லுங்க!"

மூன்று தரமும் கோவில் ஓடு அதிர்ந்தது. அரியமுத்து விக்கி விக்கி அழுதார்.

கடைசி நாளுக்கென்று ஞானாதிக்கம் தம் உயிரையே கொட்டி ஒரு விருத்தம் எழுதி வைத்திருந்தார். அன்று பார்த்து வரதராசன்பேட்டையிலிருந்து பங்குச் சாமியார் வந்திருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பீடத்து மணியை எடுத்துக் கிணுகிணுவென்று அடித்தார்.

"போதும்யா. கேட்டுக் கேட்டு அந்தோணியாருக்கே களைச்சிருக்கும்" என்று ஆசீர்வாதம் கொடுத்து எல்லாரையும் அனுப்பிவிட்டார்.

சனம் காற்றாய்ப் பறந்தது. நல்லாயிருந்தது என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. விருத்தத்தை மடியில் செருகிக்கொண்டு ஞானாதிக்கம் தனியே வாசலில் நின்றார்.

மிராசுதாரின் வண்டிக்காரன் செல்லக்கண்ணு மூச்சிரைக்க ஓடி வந்தான். கோவில் பக்கமே வராதவன். உபதேசியாருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"ஜெபம் கேக்கவா வந்த? நல்ல எடத்தை வாசிக்கவே விடலப்பா."

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க!" செல்லக்கண்ணு தலையில் கைவைத்துக்கொண்டான். "இத்தினி நாளு ஊரையே உள்ள புடிச்சு வெச்சீங்க, மூட்டையெல்லாம் யாரு கண்ணுலயும் படாம அரியலூர் ரோடு ஏறுச்சு, இன்னிக்கும் நாலு பாட்டு கூடப் படிச்சிருந்தா, பத்தாயத்துல மிச்சம் கெடக்கற நெல்லும் போயிருக்கும்ல?"