முகம் தெரியாத படமும் எங்கள் பள்ளிக்கூடமும்

கீழ் கோத்தகிரி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் டெனினுக்கு,

அப்பா தனசிங் எழுதுவது. கர்த்தர் கிருபையால் முழங்கால் வலியைத் தவிர மற்றெல்லாம் நலம். நீயும் மருமகள் ஈவ்லினும் பேத்தி ஃபெபியும் கோவை வெயிலில் வாடாமல் இருக்க ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து பேசுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

உன்னோடு வந்து இருக்கச் சொல்லி நீ கெஞ்சியபோதெல்லாம் மறுத்தேன். இப்போது நானே சொல்கிறேன், அடுத்த சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வா. இந்த ஊர் எனக்குப் போதும்.

நடந்ததைக் கேள். ரிட்டயர் ஆகும்வரை நான் தமிழ் நடத்திய பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா வருகிறது. விழா மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுத ஒரு பொது மனிதர் வேண்டும் என்று, என் பழைய மாணவியும் இப்போதைய தலைமையாசிரியையுமான ரோஸ்மேரி என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் யார் பக்கமும் சாயாதவன் என்று ஊரே நம்பியது, நானும் நம்பினேன். எஸ்டேட் ஜனங்கள் ஞாயிறு லீவில் ஓடையிலிருந்து கல் சுமந்து கட்டிய பள்ளி அல்லவா, முதல் கல்லைச் சுமந்தது யார் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லா வீட்டிலும் டீயும் வர்க்கியும் கொடுத்து, எங்கள் ஆள்தான் என்றார்கள். டீயால் தூக்கம் போனது, வர்க்கியால் வயிறு கெட்டது, முதல் கல் மட்டும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் பள்ளி பீரோவில் அந்த போட்டோ அகப்பட்டது. முதல் கல் வந்த அன்று எடுத்தது. போட்டோக்காரர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், பனிமூட்டம் விலகும்வரை காத்திருக்காமல் அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார். படம் முழுக்க வெள்ளை. நடுவில், மழைச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டு, தேயிலைக் கொழுந்துக் கூடையில் கல்லோடு ஓர் உருவம் முதுகைக் காட்டி நிற்கிறது. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. நான் நேர்மையான மனிதன் அல்லவா, படத்துக்குக் கீழே 'பெயர் தெரியாத ஒருவர்' என்று எழுதி, பெற்றோர் கூட்டத்தில் வாசித்தேன்.

அவ்வளவுதான். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்து வீரம்மா எழுந்து, “என்னங்க வாத்தியாரே, கப்பல்ல வந்து எறங்கி இந்த மேட்டுல கல்லு சொமந்த எங்கம்மாவுக்குப் பேரு இல்லியா?” என்றாள். ஃபாக்டரி ஜீப் ஓட்டும் சுடலைமணி, “ஏனுங்க சார், அது எங்கப்பனுங்க. அந்தக் காலு வளைவைப் பாத்தாலே தெரியலீங்களா?” என்றான். ரோஸ்மேரியாவது எனக்குப் பரிந்து பேசுவாள் என்று திரும்பினால், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது எங்கம்மா சார். பேரு தெரியாதுன்னு எழுதிப்போட்டீங்களே!” என்கிறாள். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதியதை மாற்றவில்லை.

அன்றிலிருந்து வீரம்மா பால் ஊற்றுவதில்லை. சுடலைமணி என்னைப் பார்த்தும் ஜீப்பை நிறுத்தாமல் போகிறான். சர்ச்சில் என் பெஞ்சில் நான் மட்டும்தான், குளிர் வேறு. பேச ஆளில்லாமல் இந்த வயதில் என்னால் இருக்க முடியாது, கண்ணு. கம்பளிகளை மூட்டை கட்டிவிட்டேன். கோவையில் அவற்றுக்கு வேலை இல்லை என்று தெரியும், விட்டுவிட்டு வர மனசில்லை.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா,
தனசிங்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்கு முன், சொல்லிக்கொண்டு வரலாம் என்று பள்ளிக்குப் போனேன். ரோஸ்மேரி அந்த போட்டோவைப் பெரிதாக்கி வராந்தாவில் மாட்டியிருக்கிறாள். பக்கத்தில் யாருமில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கொழுந்துக் கூடை சுமந்தால் அப்படி இடது தோளை இறக்குவது இந்த மலையிலேயே ஒரே ஓர் ஆள்தான். டெனின், அது என் அம்மா. சந்தேகமே இல்லை. கார் வேண்டாம். நானும் அங்கே வந்துவிட்டால் அவளுக்காக இங்கே சண்டை போட யார் இருக்கிறார்கள்?