சித்தப்பாவின் வலது காலுக்கு நன்றி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அப்பா, அம்மா, கார் நால்வரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், முக்கியமாக உங்கள் வலது காலின் சுகத்தையும் அறிய ஆவல். காலைத் தனியாக விசாரிப்பது ஏன் என்பது போகப் போகத் தெரியும். நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உறையைப் பிரித்துவிட்டால் கடிதத்தைப் படித்துத்தானே ஆக வேண்டும்.

கடைசியாக எங்கள் காரில் வந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் ஓட்ட, நீங்கள் பக்கத்து சீட்டில் இருக்க, பாலத்து இறக்கத்தில் வண்டி நின்றது. பின்னால் பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. அப்பா பின் சீட்டிலிருந்து, "இவன் ஏறினாலே வண்டி படுத்துக்குது. தரித்திரத்தையும் கூடவே ஏத்திட்டு வர்றான்" என்றார். நீங்கள் கதவைத் திறந்து இறங்கி, அதே பஸ்ஸில் ஏறிப் போனீர்கள். அதன் பிறகு எங்கள் வாசல் பக்கமே வரவில்லை.

கஷ்டம் என்னவென்றால், அப்பாவின் வாய்தான் தப்பு, கணக்கு சரி. நீங்கள் இல்லாதபோது கார் ஊரெல்லாம் சுற்றினாலும் ஒரு இருமல்கூட இருமாது. மெக்கானிக் அக்கா பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார், பிறகு ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். இன்ஜின் வேக சிக்னல் விட்டுவிட்டு வருகிறது என்றது அது. இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சென்சார் இருக்கிறதாம். அதன் செய்தி வராவிட்டால் இன்ஜின் நின்றுவிட்டதென்று நம்பி, கம்ப்யூட்டர் பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடுமாம். தன் காதில் விழாதது எதுவும் நடக்கவேயில்லை என்று நம்பும் அப்பா மாதிரி. அந்த சென்சாரையும் மாற்றியாயிற்று. "எங்கிட்ட வந்தா நல்ல பிள்ளையா ஓடுது. தப்பு பண்றப்ப கையும் களவுமா பிடிச்சாதானே அடிக்க முடியும்?" என்று அக்கா அலுத்துக்கொண்டார். எனக்கோ திங்கட்கிழமை புது ஊர் நூலகத்தில் வேலையில் சேர வேண்டும். வழியெல்லாம் மலைப்பாதை. நின்றுபோகும் காரில் போகக் கூடாது என்கிறார் அப்பா. கார் சரியானாலும் சித்தப்பா கூட வராமல் போகக் கூடாது என்கிறாள் அம்மா. நீங்கள் வந்தால் கார் நிற்கும், வராவிட்டால் நான் போக முடியாது. இந்த முடிச்சை யாரால் அவிழ்க்க முடியும், சொல்லுங்கள்.

அப்போதுதான் பாலத்து இறக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. நிற்பதற்கு முன் வண்டி கியரில் உருண்டுகொண்டுதான் இருந்தது. ஆனால் இன்ஜின் வேகம் காட்டும் முள் மட்டும் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. பெட்ரோல் வராமல் நின்றிருந்தால் முள்ளும் இன்ஜினோடு சேர்ந்து மெல்லத்தான் இறங்கியிருக்கும். முள் விழுவதற்குச் சற்று முன்னால் நீங்கள் "ஏய், லாரி! லாரி!" என்று கத்தினீர்கள். கத்தினால் என்ன செய்வீர்கள்? தரையை மிதிப்பீர்கள். உங்கள் பக்கம் பிரேக் கிடையாது என்பதை நீங்கள் என்றைக்குமே ஒப்புக்கொண்டதில்லையே, சித்தப்பா.

ஷெட்டுக்கு ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே இன்ஜினை ஓடவிட்டார். நான் உங்கள் சீட்டில் உட்கார்ந்து மிதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. "புத்தகத்துல பக்கம் திருப்புற மாதிரி மிதிக்கிறே. உயிர்ப் பயத்தோட மிதிம்மா" என்றார் அக்கா. கூட வந்திருந்த அம்மா கைப்பையைக் கீழே வைத்தாள். "நகருடி. என் கொழுந்தன் மிதிக்கிறதைப் பின்னாடி உக்காந்து வருஷக்கணக்கா பாக்குறவ நான்." ஏறி உட்கார்ந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணை இறுக மூடி, "லாரி! லாரி!" என்று அலறி ஒரே மிதி. முள் விழுந்தது, இன்ஜின் செத்தது, பக்கத்துக் கடைக்காரர்கள் எந்த லாரி என்று பார்க்க ஓடிவந்துவிட்டார்கள்.

கால் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், அந்த சென்சாரிலிருந்து வரும் ஒயர் ஒரு தகட்டு விளிம்பில் உரசி உரசித் தோல் தேய்ந்து கிடந்தது. நீங்கள் மிதிக்கும்போதெல்லாம் அது தகட்டைத் தொட்டு, சிக்னல் அறுந்திருக்கிறது. "நான் பாட்டுக்குப் பார்ட் பார்ட்டா மாத்திட்டிருந்தேன், உங்க சித்தப்பாவையே வரச்சொல்லியிருக்கலாம் போல" என்றார் அக்கா. புது ஒயர் போட்டு, விளிம்பிலிருந்து தள்ளிக் கட்டிவிட்டார்.

யோசித்துப் பார்த்தேன், சித்தப்பா. உங்கள் கால் இல்லாவிட்டால் இந்தக் கோளாறு யாருக்கும் தெரியாமலே வளர்ந்து, ஒருநாள் மலை வளைவில் நான் தனியாக இருக்கும்போது முகத்தைக் காட்டியிருக்கும். அதற்கு நன்றி சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புகிறேன். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். இனி எவ்வளவு வேண்டுமானாலும் மிதியுங்கள். வண்டி நிற்கவே நிற்காது. அப்பா மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டார், உங்களுக்கே தெரியும். ஆனால் நேற்று யாரும் சொல்லாமலே உங்கள் சீட்டை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் இரண்டு கால்களுக்கும் நமஸ்காரம். வலது காலுக்கு இன்னொன்று கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டும் முன், அப்பாவை உங்கள் சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போனோம். முனையில் எங்களுக்கு முன்னால் நின்ற குப்பை லாரி ஒன்று ரிவர்ஸில் எங்களை நோக்கி வந்தது. அப்பா "லாரி! லாரி!" என்று மிதித்தார், குடும்ப வழக்கம் போலிருக்கிறது. வண்டி நிற்கவில்லை. நான் பிரேக்கைத் தேடி மிதிப்பதற்குள் முன்விளக்கு ஒன்று போய்விட்டது. யாருக்கும் அடியில்லை. அப்பா இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை: "அவன் இருந்திருந்தா வண்டி நின்னிருக்கும்." ஆகவே 'வண்டி நிற்கவே நிற்காது' என்று மேலே நான் பெருமையாக எழுதியதைத் தள்ளுபடி செய்யவும். டிரைவிங் ஸ்கூல் கார்களில் இருப்பது போல உங்கள் பக்கத்திலும் நிஜமான ஒரு பிரேக்கை மெக்கானிக் அக்கா பொருத்திக்கொண்டிருக்கிறார். செலவு அப்பாவுடையது; யோசனையும் அவருடையதே.